யோகேஸ்வரியின் பேரில் என் கவிதைகள்

கண்ணைச் சுருக்காமல் சூரியனைப் பார்க்க முடிகிற ஊராக இருந்தது கோலாலம்பூர். சுமத்ராக் காடுகள் எரிந்த புகை கடல் தாண்டி வந்து ஊர்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. காலை பத்து மணிக்கும் சூரியன் ஒரு மாத்திரை போல உயரக் கட்டிடங்களுக்கு நடுவே தொங்கியது. தெருவில் பாதிப் பேர் மூக்கை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். எனக்குக் கண் எரிந்தது. அழுதாலும் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அந்த வாரத்தில் அது ஒரு வசதி.

கவிதை வாசிக்கப் போகிறேன் என்றுதான் ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாசகர் வட்டம் அழைத்திருந்தது, அது பொய்யில்லை. ஆனால் நான் வந்தது ஒரு கையெழுத்துக்காக.

தூத்துக்குடி தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டின் முன்னால், இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் எழுதுகிறவள். பத்திரிகைக்காரர்கள் அதை வசன கவிதை என்பார்கள். எனக்கு அது மூச்சு வாங்கிக்கொள்ளும் இடைவெளி. மூன்று வருஷத்துக்கு முன்னால், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் குகதாசன் என்பவர் சிறுபத்திரிகை ஒன்றில் என்னைப் படித்துவிட்டுக் கடிதம் போட்டார். எழுதுவதை எனக்கு அனுப்புங்கள், நான் இணையத்தில் போடுகிறேன், உலகம் முழுக்கப் படிப்பார்கள் என்று. இணையம் என்றால் என்னவென்று அப்போது எங்கள் நிலையத்தில் யாருக்கும் தெரியாது. நான் அனுப்பினேன். நீல ஏரோகிராமில் நேராக எழுதி, மடித்து, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிடுவேன். நகல் வைத்துக்கொண்டதில்லை. பேசி முடித்த அழைப்பை யார் எடுத்து வைக்கிறார்கள்?

இப்படி நூற்றுச் சொச்சம் சேர்ந்துவிட்டன. ஒன்றைக்கூட நான் திரையில் பார்த்ததில்லை. டொராண்டோவிலிருந்து ஒரு பெண் படித்து அழுதாளாம், ஆஸ்லோவில் ஒருவர் சுவரில் ஒட்டியிருக்கிறாராம் என்று குகதாசன் எழுதுவார். என் பிள்ளைகள் வெளிநாட்டில் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்பதைப் போல நானும் மடித்து வைத்துக்கொள்வேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவர் போனில் கூப்பிட்டார். "அக்கா, உங்கட பக்கத்தைப் பூட்டிப்போட்டாங்கள்." யார் பூட்டியது என்றேன். அமெரிக்காவில் இருக்கிற கம்பெனி என்றார். எதற்கு என்றேன். "அது ஒரு வீட்டுப் பிரச்சினை. நேரில சொல்லுறன்." இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பாவிட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களாம்.

நான் வந்து இறங்கியது செவ்வாய்க்கிழமை.

குகதாசன் வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறவர். நாற்பத்தைந்து வயது, சலவை மடிப்பு கலையாத சட்டை. அப்பாவும் தாத்தாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசாங்க வேலையில் உட்கார்ந்தவர்கள். அந்த உட்கார்ந்த தோரணை இன்னும் அவர் முதுகில் இருந்தது. மனைவி புட்டும் சொதியும் மீன் பொரியலும் வைத்தார். எங்கள் ஊர்ப் புட்டு உதிரும், இது மெத்தென்று இருந்தது. அதில் சொதியை ஊற்றிக் குழைத்து, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.

சாப்பிட்ட கையோடு கம்ப்யூட்டரைப் போட்டார். மோடம் கீச்சிட்டு, கனைத்து, இரைந்தது. இருபத்திரண்டு வருஷம் காதில் கம்பியோடு இருந்தவளுக்கு அது அந்நியச் சத்தம் இல்லை. இரண்டு இயந்திரங்கள் ஒன்றையொன்று நீதானா என்று கேட்டுக்கொள்ளும் சத்தம். பிறகு திரை வெளுத்தது. நடுவில் நான்கு வரி ஆங்கிலம்: உரிமையாளர் உறுதி செய்யும் வரை இந்தப் பக்கம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. என் கவிதையை முதன்முதலாகப் பார்க்கக் கடல் தாண்டி வந்தேன். பார்த்தது கதவை.

"இதுக்கெல்லாம் முதலாளி யாரு?" என்றேன்.

"இண்டர்நெட்டுக்கோ? அதுக்கு முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை அக்கா. அதுதான் அதின்ர பெருமை."

"அப்போ பூட்டுனது யாரு?"

குகதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாகவே துடைத்தார்.

பிறகு மெதுவாக வந்தது. இணையத்தில் ஒரு பக்கம் வேண்டுமென்றால் அதற்கு ஒரு பெயரும் கொஞ்சம் இடமும் வாங்கிப் பதிய வேண்டும். யார் பேரில் பதிகிறோமோ அவர் சொன்னால்தான் கம்பெனி கேட்கும். தட்டியவர், வடிவமைத்தவர், எழுதியவர் எல்லாம் அவர்களுக்கு வழிப்போக்கர்கள். இந்தப் பக்கம் பதியப்பட்டிருப்பது குகதாசனின் தங்கை யோகேஸ்வரியின் பேரில்.

"தங்கச்சி பேர்ல எதுக்கு?"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. "ஏழரைச் சனி," என்றார் அவர் மனைவி. "சாத்திரி சொல்லிப்போட்டார், ஏழரை முடியுமட்டும் புதுசா ஒண்டும் இவற்ற பேரில வாங்கக் கூடாதெண்டு. கார் என்ர பேரில. வீடு அம்மாவின்ர பேரில. இவற்ற பேரில இவற்ற பல்லு மட்டும்தான்."

"அதிலையும் ரெண்டு கட்டினது," என்றார் குகதாசன், சிரிக்காமல்.

யோகேஸ்வரி ஜாதகத்தில் அப்போது குரு பார்வை இருந்ததாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவள் ஐ.சி.யின், அதாவது அடையாள அட்டையின், நகலை வைத்துப் பதிந்துவிட்டார். மின்னஞ்சல் முகவரியாக அவள் வேலை பார்த்த தொழிற்சாலையின் முகவரியைக் கொடுத்தார். அடுத்த வருஷம் அவள் ஒரு லோரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டு, வேலையையும் மாற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை தோட்டப்புறத்திலிருந்து வந்தவர், ரப்பர் பால் எடுத்த கூலிக் குடும்பம். "எங்கட ஆக்கள் ஒருத்தரும் கலியாணத்துக்குப் போகேல்ல," என்றார். நீங்கள், என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "நானும்தான்."

உரிமையாளரே, நீங்கள் இருக்கிறீர்களா என்று அமெரிக்கக் கம்பெனி போட்ட கடிதங்கள் எல்லாம் யாரும் திறக்காத ஒரு பெட்டியில் விழுந்துகொண்டிருந்தன. மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை என்றதும் பூட்டிவிட்டார்கள். இப்போது அவள் கையெழுத்திட்ட கடிதமும் அடையாள அட்டை நகலும் ஃபாக்ஸில் போக வேண்டும். அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் போன் எண்கூட இவரிடம் இல்லை. வீடு மட்டும் யாரோ சொல்லித் தெரியும். அங்கே நான்தான் போய்க் கேட்க வேண்டுமாம்.

என் ஏரோகிராம்கள் எங்கே என்றேன். மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தாராம். போன வருஷத்து மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே செங்கல் கனத்தில் ஒரு நீலக் கட்டி. பிரித்துப் பார்த்தேன். எழுத்து இல்லை, நீலம் மட்டும் இருந்தது. என் எழுத்தைத் தட்டிச் சேமித்திருந்த ஃபிளாப்பிகளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். எல்லாவற்றிலும் ஊறுகாய் ஜாடியின் கழுத்தைப் போலப் பூஞ்சை.

புறப்படும்போது ஒரு கவரைக் கையில் வைத்து அழுத்தினார். கம்பெனிக்கு ஒரு கடிதம். கீழே யோகேஸ்வரி என்று கையெழுத்து. கூடவே பழைய அடையாள அட்டையின் நகல்.

"அவள் ஏலாது எண்டால் எங்கையாவது ஒரு கடையில ஃபாக்ஸ் பண்ணிவிடுங்கோ."

"இந்தக் கையெழுத்து?"

"நான் போட்டது. ஆனா நான் அனுப்ப ஏலாது. பேங்கில இருக்கிறன், கள்ளக் கையெழுத்து எண்டால் வேலை போயிடும்." கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் எண்டால் சனிக்கிழமை ஊருக்குப் போயிடுவியள்தானே."

அவரை வெறுக்க வேண்டும் போல இருந்தது. முடியவில்லை. கவரைக் கைப்பைக்குள் வைத்தேன்.

அன்று சாயங்காலம் வாசகர் வட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். இணையத்தில் எழுதினால் நிலைக்குமா என்று ஓர் ஆசிரியை கேட்டார். காகிதம் கிழியும், கல்வெட்டு உடையும், இது மட்டும் எங்கும் இருக்கும் என்று நான் சொன்னேன். கை தட்டினார்கள். மேசைக்கு அடியில், கைப்பைக்குள், அந்தக் கவர் இருந்தது.

புதன்கிழமை காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். எங்கள் ஊரில் புரோட்டாவை அடுக்கடுக்காக அடித்து நொறுக்குவார்கள். இங்கே ரொட்டியைக் காற்றில் வீசிப் போர்வை போல மடிக்கிறார்கள். தேநீரில் கெட்டிப்பால் தித்திப்பு பல்லைப் பிடித்தது. "அக்கா, சீனி கம்மியா வேணும்னா முன்னாடியே சொல்லணும் லா," என்றார் கடைக்காரர். முன்கூட்டியே கேட்க வேண்டியவற்றை நான் எங்குதான் கேட்டேன்.

கிள்ளானுக்குப் போக, ஸ்டேஷனில் முதலில் வந்து நின்ற ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். குளிர்சாதன வண்டி, ஆடாமல் போனது. தூத்துக்குடியிலிருந்து மணியாச்சிக்குப் போகும் பாசஞ்சரில் எலும்புகளை எண்ணிவிடலாம். இதில் உட்கார்ந்திருப்பது ஏதோ ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது போல இருந்தது. எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "என் மாமியார் ஜன்னல்களுக்கெல்லாம் ஈரத்துணி கட்டிவிட்டார். புகை போய்விட்டது, இப்போது வீடெல்லாம் ஈரத்துணி வாடை." மற்றவள்: "எந்தத் தேசத்துக் காடோ, யார் வைத்த நெருப்போ. நம் மூக்கில் வந்து உட்காருகிறது." நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் பெயர்ப்பலகையைப் படித்தேன். ரவாங். கிள்ளான் தென்மேற்கே இருக்கிறது, நான் வடக்கே வந்திருந்தேன். ஒருவரிடமும் கேட்காமல் ஏறியதற்கு நானே காரணம். ஆயிரக்கணக்கானவர்களைச் சரியான ஊருக்கு இணைத்தவள், தன்னைத் தப்பான ஊருக்கு இணைத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே வரிசைக் கடைகள். ஒன்றில் FAKS என்று பெரிய பலகை. கால் தானாகப் போனது. கல்லாவில் இருந்த சீனப் பெண்மணி நிமிர்ந்து, உள்ளூரா வெளிநாடா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அமெரிக்கா என்றேன். கவரிலிருந்து கடிதம் பாதி வெளியே வந்துவிட்டது. இயந்திரம் பச்சை விளக்கோடு காத்திருந்தது. இரண்டே நிமிஷம். என் நூற்றுச் சொச்சமும் எனக்குத் திரும்பக் கிடைக்கும். யோகேஸ்வரிக்கு எந்த நஷ்டமும் இல்லை. தன் பேரில் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் நிலையத்தில் ஒரு முறை, பொய்க் கையெழுத்துப் போட்டு, ஒரு விதவையின் போனை அவள் கொழுந்தன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டான். காகிதம் சரியாக இருந்தது. மேலதிகாரி சொன்னார், இணைப்பை எடுத்தது நான். அதற்கு முன்னால் அவள் கடைசியாகக் கேட்டாள்: "என் போனை என்னைக் கேக்காம எப்படிம்மா எடுப்பீங்க?" அந்தக் கேள்விக்கு இன்றுவரை லைன் கிடைக்கவில்லை.

கடிதத்தை உள்ளே தள்ளினேன். சீனப் பெண்மணி தோளைக் குலுக்கிவிட்டுத் தன் சோற்றுப் பொட்டலத்துக்குத் திரும்பினார்.

கிள்ளானில் இறங்கும்போது மணி மூன்று. தெருவெல்லாம் ஜவுளிக்கடை, பூக்கடை, மசாலா வாடை. புகை இல்லாதிருந்தால் எங்கள் கீழரத வீதி என்றே நம்பியிருப்பேன். டாக்சிக்காரர் நான்கு முறை தப்பான சந்தில் திருப்பி, ஐந்தாவதில் நிறுத்தினார். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு லோரி நின்றது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"யோகேஸ்வரி வீடுங்களா?"

கால்கள் உள்ளே போய், எண்ணெய் அப்பிய முகமாக வெளியே வந்தன. அவர்தான் ராஜு. யோகேஸ்வரியின் கணவர். யார் என்ன என்று கேட்பதற்கு முன்னால், "சாப்ட்டீங்களாக்கா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு லோரியின் டயரைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"இந்த லோரிகூட என் பேர்ல இல்ல, பேங்க் பேர்ல. எம் பொண்டாட்டி பேர்ல அமெரிக்காவுல எடம் இருக்காக்கா? சொல்லவே இல்ல பாருங்க."

யோகேஸ்வரி தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அன்று ஓவர்டைம், ஒன்பது மணிக்கு முன்னால் வரமாட்டாள். அதற்குப் பிறகு அந்தப் புகையில் தனியாகத் திரும்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை. "நாளைக்குப் பன்னெண்டரைக்கு அவளுக்கு ரெஸ்ட். முக்கா மணி நேரம்தான். நான் அந்தப் பக்கம்தான் லோட் ஏத்தப் போறேன். லோரியில ஏறுவீங்கள்ல?"

"உங்க மச்சான் அனுப்பி வந்திருக்கேன். கோபம் இல்லையா?"

"எனக்கு என்னக்கா கோவம். அவரு என்னைப் பாத்ததே இல்ல. பாக்காத ஆளு மேல எப்படிக் கோவப்படறது?"

வியாழக்கிழமை மறுபடியும் கிள்ளானுக்கு வந்தேன். லோரியில் ஏற இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. உயரத்தில் உட்கார்ந்ததும் ஊர் சிறிதாயிற்று, பயம் ஆகவில்லை. ராஜு என் மடியில் ஒரு நாசி லெமாக் பொட்டலத்தை வைத்தார், தேங்காய்ப்பால் சோறு. வாழையிலை மணமும் நெத்திலியும் சம்பால் காரமும். எங்கள் ஊர் நெத்திலிக்கு அண்ணன் தம்பி முறைதான் இது. பாதி சாப்பிடுவதற்குள் சாலை நின்றுவிட்டது.

முன்னால் எங்கோ ஒரு கண்டெய்னர் லோரி கவிழ்ந்திருந்தது. புகையில் அரை மைலுக்கு வெறும் சிவப்பு விளக்குகள். பன்னிரண்டு இருபது. பன்னிரண்டு முப்பத்தைந்து. ராஜு இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். என் கைப்பைக்குள் கவர் இருந்தது. இப்போது இறங்கி நடந்தால் எங்காவது ஒரு ஃபாக்ஸ் கடை இருக்கும் என்று மனசு மறுபடியும் கணக்குப் போட்டது. வெட்கமில்லாத மனசு.

"கெணறு வித்தவன் கதை தெரியுமாக்கா?" என்றார் ராஜு. "கெணத்த வித்துட்டான். வாங்குனவன் தண்ணி எறைக்க வந்தா, கெணத்தத்தான வித்தேன், தண்ணிய விக்கலயேன்னானாம். ஒங்க கதை அதைவிட மோசம். தண்ணி ஒங்களோடது. கெணறு எம் பொண்டாட்டி பேர்ல. வெட்டுனவரு மச்சான். மூடி எவன்கிட்டயோ இருக்கு."

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வாசலில் போய் நின்றோம். தார்ப்பாய் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை, நீளப் பெஞ்சுகள், நீலச் சட்டை போட்ட பெண்கள். எல்லோர் விரல் நுனியிலும் வெள்ளை மாவு. ராஜு ஒருத்தியிடம் போய் ஏதோ சொன்னார். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வந்தாள். அண்ணனின் நெற்றி, அண்ணனின் நிமிர்ந்த முதுகு. பேச்சு மட்டும் புருஷன் ஊர்ப் பேச்சு.

"எனக்கு இருவது நிமிஷம்தான் இருக்குக்கா. ராத்திரி இவரு பாதிதான் சொன்னாரு, நீங்க சுருக்கா சொல்லுங்க."

சொன்னேன். பெயர், இடம், பூட்டு, நாளைக்கு அழிந்துவிடும் என்பது. ஏழரைச் சனி என்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என் பேரை வச்சுக்கிட்டாரு. என் ஐ.சி. நம்பரை வச்சுக்கிட்டாரு. என் குரு பார்வையையும் வச்சுக்கிட்டாரு. கல்யாணத்துக்கு மட்டும் வரல."

"ஆமா."

"ஒங்க எழுத்துன்னு சொல்றீங்க. நான் முடியாதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

தார்ப்பாய்க்கு அடியிலும் புகை வந்திருந்தது. ராஜு தள்ளி நின்று ஒரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையைத் திறந்து கவரை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"இதை அனுப்பச் சொல்லிக் கொடுத்தாரு. நேத்து ரவாங்ல ஒரு கடையில பாதி வெளிய எடுத்துட்டேன். அனுப்பல. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

அவள் கடிதத்தைப் பிரித்தாள். கீழே இருந்த கையெழுத்தில் கண் நின்றது. மாவு விரலால் அதன்மேல் ஒரு முறை தடவினாள்.

"இது என்ர பள்ளிக்கூடத்துக் கையெழுத்து," என்றாள். குரல் மாறியிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் பேச்சு ஒரே ஒரு வாக்கியத்துக்குத் திரும்பி வந்துவிட்டுப் போனது. "ஐந்தாம் வகுப்பில, 'யோ'வுக்குக் கீழ இப்பிடி ஒரு கோடு இழுப்பன். அண்ணன்தான் காட்டித் தந்தவர்."

பிறகு அவள் நிமிர்ந்தபோது பழைய யோகேஸ்வரியாக, இல்லை, புது யோகேஸ்வரியாக இருந்தாள். "இப்ப நான் இப்படிப் போடறதில்ல. என் கையெழுத்து வேற. பேனா இருக்காக்கா?"

பக்கத்துக் கடையில் பேனாவும் காகிதமும் ஃபாக்ஸும் இருந்தன. அவளே ஆங்கிலத்தில் புதிதாக எழுதினாள்: நான்தான் உரிமையாளர், நான் இருக்கிறேன், பக்கத்தைத் திறக்கவும், புதுக் கடவுச்சொல்லை இந்தக் கடையின் ஃபாக்ஸுக்கு அனுப்பவும். அண்ணன் பேருக்கு மாற்றிவிடலாமே என்று நான் மெல்லச் சொன்னேன்.

"மாத்த வேண்டாம். என்னைக் கேக்காம எம் பேர்ல வச்சாரு, எம் பேர்லயே இருக்கட்டும். எதாச்சும் செய்யணும்னா என்னைக் கேக்கட்டும்."

முதல் முறை லைன் பிஸி. இரண்டாவது முறையும் பிஸி. அவளுக்கு உள்ளே போக ஆறு நிமிஷம் இருந்தது. மூன்றாவது முறை அந்தக் கீச்சொலி வந்தது, பின்னாலேயே தூரத்திலிருந்து பதில் கனைப்பு. எடுத்துக்கொண்டார்கள் என்றேன், இயந்திரம் சொல்வதற்கு முன்னால். காகிதம் ஊர்ந்து உள்ளே போனது. துண்டுச் சீட்டு வெளியே வந்தது.

அவள் கள்ளக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அண்ணன் போட்ட கையெழுத்துக்குக் கீழே தன் இப்போதைய கையெழுத்தைப் போட்டாள். பின்பக்கம் ஒரு போன் எண்ணை எழுதினாள். "இதை அவர்கிட்ட குடுங்க. பாஸ்வேர்ட் எனக்குத்தான் வரும், காலையில இவரு கடையில வாங்கிட்டு வந்துருவாரு. நாளைக்கு எனக்கு லீவு, வீட்டுலதான் இருப்பேன். வேணும்னா அவரையே கூப்பிடச் சொல்லுங்க." சங்கு ஊதியது. ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குகதாசன் வேலைக்குப் போகவில்லை. கடிதம் மேசைமேல் கிடந்தது. இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போனை எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். மனைவி இரண்டு முறை தேநீர் கொண்டுவந்தார், இரண்டும் அவர் முன்னால் ஆறிப்போயின. கம்பெனி சொன்ன வெள்ளிக்கிழமை எந்த ஊர் வெள்ளிக்கிழமை, எத்தனை மணிக்கு முடியும் என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. பத்து மணி ஆயிற்று. பத்தரை.

"எனக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியேல்ல அக்கா."

நான் போனை என் பக்கம் இழுத்தேன். எண்களை அழுத்தினேன். இரண்டு மணி அடித்து, மூன்றாவதில் எடுத்தாள். "ஹலோ?" என்ற குரலுக்குப் பின்னால் ஒரு பிரஷர் குக்கர் கூவியது. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வந்ததையே சொன்னேன்.

"லைன்ல இருக்காங்க. பேசுங்க."

ரிசீவரை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். இணைத்த பிறகு கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஆனால் வீட்டுச் சுவர் அரைச் செங்கல் கனம்தான்.

முதலில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு: "ஓம்... ஓம், சொல்லு, எழுதுறன். பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ?... பெரிய கே. பிறகு?... ஏழு... நீ சாப்பிட்டனியோ?... ஓம். அடுத்தது?... எட்டோ பீயோ, வடிவாச் சொல்லு... அவர் வீட்டில நிக்கிறாரோ?... ம். சின்ன ஆர்..."

எட்டு எழுத்துக் கடவுச்சொல்லைச் சொல்லி முடிக்க அவர்களுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று.

என்னைக் கூப்பிட்டபோது குகதாசனின் கண் சிவந்திருந்தது. புகை என்றார். திரையில் மேலிருந்து ஒவ்வொரு வரியாக என் எழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. முதல் கவிதை, உப்பளத்தைப் பற்றியது. படித்தேன். வார்த்தைகள் என்னுடையவை. ஆனால் நான் நிறுத்தாமல் ஓட விட்டதை அவர் மூன்று மூன்று சொல்லாக நறுக்கி, படிக்கட்டு போல அடுக்கியிருந்தார்.

"நான் இப்படி எழுதலையே?"

"கவிதை எண்டால் வரி வரியாத்தானே இருக்கோணும் அக்கா?" என்றார், உண்மையாகவே புரியாமல்.

மூன்று வருஷம். டொராண்டோக்காரி எதைப் படித்து அழுதாளோ. கோபித்துக்கொள்ள நேரம் இல்லை. அவர் அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியவில்லை, கட்டம் கட்டமாகத் துப்பியது. புது ஃபிளாப்பிகளில் அவர் நகல் எடுத்தார். எடுக்கட்டும், பூஞ்சைக்கும் நாள் வரும். நான் தெருமுனைக் கடையில் நீளக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். படிக்கட்டுகளை உடைத்து, வரிகளைத் திரும்ப ஓட விட்டு, கையால் எழுதி எடுக்க ஆரம்பித்தேன். என் எழுத்தை நானே களவாடுவது போல வேகமாக எழுதினேன். மறுநாள் விமானத்துக்கு டாக்சி வந்து நின்றபோது முப்பத்தொன்று முடிந்திருந்தது.

மீதி எல்லாம் அங்கேயே இருக்கின்றன, நான் பார்த்திராத ஒரு கட்டிடத்தில், கையுறை மாவு படிந்த விரல்களுடைய ஒரு பெண்ணின் பேரில். அண்ணன் இப்போது மாதம் தவறாமல் அவளுக்குப் பேசுகிறாராம். ஏதாவது ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டும் என்று காரணம் வைத்துக்கொண்டு. நானும் மாசத்துக்கு ஒரு தடவை, பணி முடிந்து கிளம்பும்போது, தெருவிலிருக்கும் பூத்தில் நின்று கிள்ளான் எண்ணை அழுத்துகிறேன். எனக்குக் கேட்பதற்கு ஒரே கேள்விதான்.

"இருக்கா?"

"இருக்குக்கா," என்பாள் யோகேஸ்வரி.